கூத்துப் பார்த்த கண்ணோடு டிஸ்னிலாந்துக்கு

பாரிஸிலும் அதன் அயல் நகரங்களிலும் வாழும் மட்டக்களப்பு உறவுகளுக்கு,

ஊரிலிருந்து உங்களைப் பார்க்க வரும் அம்மா அப்பாவை, மாமா மாமியை நீங்கள் டிஸ்னிலாந்துக்குக் கூட்டிப் போகிறீர்கள். இனிமேல் அவர்களைக் காலையிலேயே கூட்டிப் போங்கள். இரவு கோட்டைக்கு மேலே வாணம் விட்டு முடியும்வரை அங்கேயே இருக்க விடுங்கள். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். இன்னொரு வேண்டுகோளும் உண்டு. அது உங்கள் பிள்ளைகளைப் பற்றியது, அதைப் பிறகு சொல்கிறேன்.

வழமையாக நடப்பது உங்களுக்கே தெரியும். மத்தியானம் போலப் போய்ச் சேருவீர்கள். கோட்டைக்கு முன்னால் நின்று படம் எடுப்பீர்கள். பிள்ளைகள் எலிக்காது வாங்கி மாட்டிக்கொண்டு ஓடிவிடும். ஊரிலிருந்து வந்த பெரியவர் ஒரு வாங்கில் இருந்து எல்லாருடைய பைகளையும் தள்ளுவண்டியையும் பார்த்துக்கொள்வார். பொழுதுபடும் முன்னரே, நாளைக்கு வேலை என்று புறப்பட்டுவிடுவீர்கள். உணவகத்திலும் துப்புரவு வேலையிலும் விடிய முதல் எழும்பி ஓடுகிற உங்கள் களைப்பு எனக்குத் தெரியும். ஒரு குடும்பத்துக்கு நுழைவுச்சீட்டு எடுப்பதென்றால் எத்தனை நாள் உழைப்பு என்பதும் தெரியும். ஆனால் அந்த வாங்கில் பைகளுக்குக் காவல் இருக்கிறவர்தான் அன்று அந்த வாசலுக்குள் நுழைந்தவர்களில் மிகச் சிறந்த பார்வையாளர். அங்கே நடப்பது என்னவென்று உங்கள் எல்லாரையும் விட அவருக்குத்தான் விளங்கும்.

இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், நான் அந்த இடத்தின் தீவிர ரசிகன். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் மின்சாரம் இல்லாத காலத்தில் வளர்ந்தவன். யாராவது வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து, ஜெனரேற்றர் வைத்து, முற்றத்தில் பாய் விரித்துப் படம் போடுவார்கள். அப்படி ஒரு இரவில் இரண்டு தமிழ்ப் படங்களுக்கு நடுவே 'லயன் கிங்' ஓடியது. 1994இல் வெளிவந்த படம். பிரதிக்குப் பிரதி எடுத்து எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தபோது நிறமெல்லாம் வெளிறிப் போயிருந்தது. பேசியதில் ஒரு சொல் யாருக்கும் விளங்கவில்லை. ஆனால் தகப்பன் சிங்கம் சாகிற இடத்தில் முற்றம் முழுவதும் அடங்கிப் போயிற்று. அன்று பிடித்த பைத்தியம் தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் விடவில்லை. கிடைத்த படங்களைப் பார்த்தேன். அந்தப் பூங்காக்களைக் கட்டியவர்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். "இந்த வயசில எலிக்குப் பின்னால திரியிறான்" என்று சொந்தக்காரர் சொல்வதுண்டு. சொன்னவர்களும் ரசிகர்கள்தான். 'பதினெட்டாம் போர்' கூத்தை விடிய விடிய இருந்து பார்ப்பவர்கள். துரியோதனன் விழப்போகிறான் என்பது அவர்களுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். இந்த ஊரில், கூத்துப் பழக்கிய இந்த அண்ணாவியாரின் கீழ், இந்தப் பெடியன் எப்படி விழப்போகிறான் என்று பார்க்கத்தான் பாயைச் சுருட்டிக்கொண்டு போய் இடம் பிடிப்பார்கள். நானும் அதே கண்ணோடுதான், அம்மாவையும் கூட்டிக்கொண்டு, பாரிஸ் டிஸ்னிலாந்துக்குப் போனேன்.

போவது லேசான காரியமாக இருக்கவில்லை. நம்முடைய பக்கத்தில் வெளிநாடு என்றால் உழைப்பதற்கு, இல்லாவிட்டால் உயிர் தப்புவதற்கு. நம் பெண்கள் சவூதிக்கும் குவைத்துக்கும் கட்டாருக்கும் வீட்டு வேலைக்குப் போனார்கள், இன்னும் போகிறார்கள். நீங்கள் போன காலத்தையும் போன வழியையும் நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒருவர் ஒரு சந்தோஷத்துக்காக மட்டும் கடல் கடந்து போகலாம் என்பது நமக்கு இன்னும் பழகாத விஷயம். விசா விண்ணப்பத்தில் பயணத்தின் நோக்கம் எழுதும்போது கை கூசியது. வீட்டில் தங்க வைக்கிறவர் அங்கே தன் நகரசபையில் சான்று எடுத்து அனுப்ப வேண்டும். முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி வேண்டும். வங்கிக் கணக்கு, வேலைக் கடிதம், திரும்பி வருவேன் என்பதற்கான ஆதாரங்கள் என்று கொழும்புக்கு அலைய வேண்டும். நம் பெரியவர்களும் இவ்வளவையும் கடந்துதான் உங்களிடம் வருகிறார்கள். அதற்குப் பிறகு அவர்களை வாங்கில் இருத்தக் கூடாது.

உங்கள் வீட்டிலிருந்து ஆர்.இ.ஆர். 'ஏ' ரயிலில் கிழக்கே போனால் ஒரு கிளையின் கடைசித் தரிப்பிடம் டிஸ்னிலாந்துதான். பாரிஸின் நடுவிலிருந்து ஏறத்தாழ 32 கிலோமீற்றர். ஒரு காலத்தில் சீனிக்கிழங்கு விளைந்த வயல்கள். அந்த நிலத்தில் 1992 ஏப்ரல் 12ஆம் திகதி யூரோ டிஸ்னி என்ற பெயரில் திறந்தார்கள். எதிர்பார்த்த சனம் வரவில்லை, கடன் மூடியது, 1994இல் பெயரை டிஸ்னிலாந்து பாரிஸ் என்று மாற்றினார்கள். பிறகு நிமிர்ந்து, 2002இல் பக்கத்திலேயே இரண்டாவது பூங்காவையும் திறந்தார்கள். இதெல்லாம் கணக்கு வழக்கு. எனக்கு முக்கியமாகப் படுவது கட்டியவர்கள் யோசித்த விதம். கலிபோர்னியாவில் 1955இல் கட்டிய கோட்டையை அப்படியே கொண்டுவந்து வைத்திருக்கலாம். நிசமான கோட்டைகள் நிறைந்த நாட்டில் அது எடுபடாது என்று கண்டு, மத்தியகாலச் சித்திரச் சுவடிகளில் வருகிற மாதிரி ஒல்லியாக, உயரமாக, கனவில் காண்பது போன்ற ஒன்றை வரைந்தார்கள். அதற்குக் கீழே ஒரு குகை. உள்ளே சங்கிலியால் கட்டிய ட்ராகன் ஒன்று படுத்திருக்கிறது. நித்திரை கலைந்து மூச்சு விடும், வாலை அசைக்கும், புகை கக்கும். கோட்டைக்கு முன்னால் படம் எடுக்கிறவர்களில் பாதிப்பேர் காலுக்குக் கீழே அது கிடப்பதை அறியாமலே திரும்பிவிடுகிறார்கள். வாசல் தெருவின் இரண்டு பக்கக் கடைகளுக்குப் பின்னாலும் கூரை போட்ட நடைபாதைகள் உண்டு. பாரிஸின் மழையை நினைத்துச் செய்தது. பெரியவர்களுடன் போகிற நாளில் மழை பிடித்தால் அதற்குள்ளால் நடத்திக் கொண்டு போங்கள்.

வாவிக்கரையில் பிறந்தவர்களுக்கென்றே செய்தது போல ஒன்று அங்கே உண்டு: பிக் தண்டர் மௌண்டன் என்ற சுரங்க ரயில். மற்றப் பூங்காக்களில் அந்த மலை தரையில் நிற்கிறது. பாரிஸில் மட்டும் அதை ஒரு ஏரியின் நடுவே தீவாக வைத்தார்கள். ரயிலில் ஏறுவது கரையில். வண்டி இருட்டுக்குள் இறங்கித் தண்ணீருக்குக் கீழாலே போய்த் தீவில் வெளிச்சத்துக்கு வரும். ஓடி முடிந்ததும் மறுபடி தண்ணீருக்குக் கீழாலே கரைக்கு வரும். புளியந்தீவுக்குப் பாலத்தால் அல்லாமல் வாவிக்கு அடியால் போய் வந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது எனக்கு. வயதானவர்களுக்கு அந்த வேகம் சரிவராது. அவர்களுக்குத் தோணிகள் இருக்கின்றன. 'இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்' என்ற பொம்மை உலகம் 1964இல் நியூயோர்க் கண்காட்சிக்காக முதலில் செய்யப்பட்டது. அதில் தோணியில் ஆறுதலாக இருந்து பார்த்துக்கொண்டு போகலாம். என் அம்மா அதில் ஏறியவுடன் சவள் எங்கே என்று தேடினார். யாரும் வலிக்காமல் தோணி தானாக வளைந்து போவதைக் கண்டு, பொம்மைகளை விட்டுவிட்டுத் தண்ணீரையே கவனித்துக்கொண்டு வந்தார். தண்ணீரை ஓடவிட்டு அதன் இழுவையில் தோணியைக் கொண்டுபோகிறார்கள் என்பதைப் பாதி வழியில் அவரே கண்டுபிடித்தார். முழங்கால் நோகிறவர்களுக்குப் பூங்காவைச் சுற்றி வருகிற ரயில் இருக்கிறது, நாலு இடத்தில் நிற்கும்.

பின்னேரம் அணிவகுப்பு வந்தது. அம்மாவைத் தெருவோரம் முன்வரிசையில் இருத்தியிருந்தேன். தூரத்தில் இசை மாறியதும் என்னைப் பார்த்து, "இது ஆருட வரவு மனே?" என்று கேட்டார். அவருக்கு அது வரவாகத்தான் பட்டது. வடமோடிக் கூத்தில் ராசா ஆடுகளமான களரிக்கு வருகிறபோது அவருக்கென்று தருப் பாட்டு உண்டு, அவருக்கென்று தாளக்கட்டு உண்டு, அவருக்கென்று ஆட்டம் உண்டு. கட்டியகாரனுக்கு வேறு, மந்திரிக்கு வேறு, பெண் பாத்திரத்துக்கு வேறு. மத்தளம் விழுகிற விதத்தை வைத்தே அடுத்து வருவது யாரென்று நம் சனம் சொல்லிவிடும். இந்த அணிவகுப்பும் அப்படித்தான். ஒவ்வொரு தேருக்கும் ஒரு இசை. ஆள் கண்ணில் படுமுன்னே முதல் இரண்டு தட்டில் அடையாளம் கண்டு கத்துகிற ரசிகர்கள் எங்களைச் சுற்றி நின்றார்கள். அம்மாவுக்கு ஒரு பாத்திரத்தின் பெயரும் தெரியாது. ஆனால் எது ராசா, எது பகிடிக்காரன், எது கெட்டவள் என்று நடையையும் உடுப்பையும் வைத்தே சொல்லிக்கொண்டு வந்தார், ஒன்றும் பிழைக்கவில்லை.

பிறகு கேட்டார், "அண்ணாவியார் எங்க நிக்கிறார்?"

அங்கே அண்ணாவியார் கண்ணில் படமாட்டார். எல்லாம் முன்கூட்டிப் பதிந்த இசை, மறைவிடத்தில் இருக்கிற இயந்திரங்கள், நேரக்கணக்கு. அதைச் சொன்னதும் அம்மா கொஞ்சம் யோசித்து, மத்தளக்காரன் தெரியாதது ஒரு குறைதான் என்றார். எனக்கும் அது சரியான விமர்சனமாகவே பட்டது. களரியில் ஆடுகிற பிள்ளைக்கு அடி பிசகும்போது மத்தளம் கொஞ்சம் நின்று தாங்கிக் கொடுக்கும். பதிந்த இசை யாருக்காகவும் நிற்காது. அன்று அம்மா முழுமனதோடு ஏற்றுக்கொண்டது 'லயன் கிங்' மேடை நிகழ்ச்சியைத்தான். 2019இலிருந்து அங்கே நடக்கிறது. அரைமணி நேரம், மனிதர்கள் கண்முன்னால் நின்று பாடி ஆடுகிறார்கள். தகப்பன் சாகிற இடத்தில் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். டிஸ்னிலாந்து ஒரு கம்பனி. வாசலில் சீட்டு, உள்ளே ஒவ்வொரு அடிக்கும் கடை. நம் கூத்து ஊருடையது. ஆடுகிறவர்களுக்குப் பாட்டுப்படியான சட்டம் கொடுத்து, மாதக்கணக்கில் பழகி, சதங்கை அணிந்து, கிழமைக்கூத்து ஆடி, அடுக்குப் பார்த்து, அரங்கேற்றி, பிறகு வீட்டுக்கு வீடு போய் ஆடி முடிக்கிறபோது அந்த ஊரில் கூத்துக்குக் கை கொடுக்காத குடும்பம் இராது. வாவியின் தெற்கு முனைக்கு அருகே, கல்முனையை ஒட்டியுள்ள பாண்டிருப்பில் திரௌபதை அம்மனுக்குப் பதினெட்டு நாள் சடங்கு நடக்கிறது. வனவாசம் அன்று பாண்டவர்களும் திரௌபதையும் தெருவால் போவார்கள், ஊர் முழுக்கக் கூடி நிற்கும். முடிவில் தீமிதிப்பு. அங்கே ஊரே கதைக்குள் வந்துவிடுகிறது. அதற்குச் சீட்டு இல்லை, நோன்பு இருக்கிறது. இரண்டும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. பார்க்கிறவரிடம் கேட்கப்படும் பக்குவம் ஒன்றாக இருக்கிறது என்கிறேன். கதையை முன்னமே மனதில் வைத்துக்கொண்டு வர வேண்டும். நெடுநேரம் இருக்க வேண்டும். உடுப்பின் ஒரு மணி பிசகினாலும் கண்டுபிடிக்க வேண்டும். போன முறையோடு ஒப்பிட வேண்டும். இந்தப் பக்குவம் மட்டக்களப்பில் பிறந்த கிழவிக்கு உண்டு, மிக்கி சட்டை போட்ட உங்கள் பத்து வயதுப் பிள்ளைக்கும் உண்டு.

பூங்கா திறந்த காலத்தில் பிரான்சின் கலையுலகம் கொதித்தது. தியாத்ர் டு சொலேய் நாடகக் குழுவின் இயக்குநர் அரியான் முனூஷ்கின் அதைப் பண்பாட்டுக்கு நேர்ந்த செர்னோபில் என்று சொன்னது பலருக்கும் தெரியும். அவரை நான் மிகவும் மதிக்கிறேன். அதே முனூஷ்கின் 2016இல் 'இந்தியாவில் ஓர் அறை' என்ற நாடகத்தைச் செய்தார். தமிழ்நாட்டுப் புரிசையிலிருந்து கண்ணப்ப சம்பந்தன் தம்பிரானை அழைத்துத் தன் நடிகர்களுக்குத் தெருக்கூத்துப் பழக்கினார். பாரிஸின் கிழக்கு விளிம்பில் வன்சென் காட்டுக்குள் இருக்கிற அவருடைய அரங்கில் மகாபாரதக் கூத்துக் காட்சிகள் தமிழில் ஆடப்பட்டன. நீங்கள் டிஸ்னிலாந்துக்குப் போகிற அதே ரயில் வன்சென்னில் நின்றுதான் போகிறது. லாச்சப்பல் தமிழ்க் கடைகளில் மரக்கறி வாங்குகிற நம்மில் எத்தனை பேர் அந்த நாடகத்தைப் பார்த்தோம்? ஒரு பிரெஞ்சுக்காரப் பெண்மணி நம் கலைக்கு அவ்வளவு மரியாதை செய்தார், அது எனக்குப் பெருமை. ஆனால் ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றைத் தள்ளவேண்டும் என்ற அவருடைய பழைய எண்ணத்தோடு எனக்கு உடன்பாடில்லை. கூத்தையும் டிஸ்னியையும் நேசிக்கிற ஒரு மனம் முற்றத்துப் பாயில் இருந்தே வளரலாம், நான் அப்படித்தான் வளர்ந்தேன்.

இனி இரண்டாவது வேண்டுகோள். ஆகஸ்ட் விடுமுறைக்குப் பிள்ளைகளை ஊருக்குக் கூட்டி வருகிறீர்கள். அப்போது இங்கே ஒரு பேச்சு எழும். அந்தப் பிள்ளைகளுக்கு நம் கதை ஒன்றும் தெரியாது, எந்நேரமும் எல்சாவும் ஸ்பைடர்மானும்தான் என்று. நீங்களும் வெட்கப்பட்டுப் பிள்ளையை அதட்டுகிறீர்கள். தயவுசெய்து அதட்டாதீர்கள். ஒரு பாத்திரத்தின் உடுப்பு, நடை, பாட்டு, படத்துக்குப் படம் வந்த மாற்றம் எல்லாவற்றையும் மனப்பாடமாக வைத்திருக்கிற பிள்ளை ரசிகனாக ஏற்கனவே பழகிவிட்ட பிள்ளை. அந்தப் பிள்ளைக்குக் கூத்தைக் காட்டாதது நம் தவறு.

ஆகஸ்டில் வந்தால் காட்டவும் முடியாது. அதுதான் சிக்கல். ஆடியில் வந்தால் மாமாங்கத் தீர்த்தம் கிடைக்கும். பாண்டிருப்புத் தீமிதிப்பு புரட்டாசியில், அதற்குள் உங்கள் பள்ளிக்கூடங்கள் தொடங்கிவிடும். கூத்துக்காலமோ பெரும்போக வேளாண்மை வெட்டி முடிந்த பிறகு வருவது. களத்து வேலை ஓய்ந்து, கையில் கொஞ்சம் நெல்லும் நேரமும் இருக்கிறபோதுதான் ஊர்கள் அரங்கேற்றம் வைக்கும். ஆகவே பிரெஞ்சுப் பள்ளிகளின் வசந்தகால விடுமுறையில், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, ஒரு வருடமாவது வாருங்கள். வெயில் கொளுத்தும், உண்மைதான். ஆனால் கன்னன்குடாவிலோ வேறொரு படுவான்கரை ஊரிலோ அந்தக் காலத்தில் மத்தளம் கேட்காமல் இராது.

முழு இரவுக் கூத்தைப் பிள்ளை தாங்குமா என்று கேட்பீர்கள். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இதே கேள்விக்கு ஒரு வழி கண்டார். விடிய விடிய நடப்பதைச் சுருக்கி, வட்டக்களரியிலிருந்து மேடைக்குக் கொண்டுபோனார். 1962இல் 'கர்ணன் போர்', 1965இல் 'இராவணேசன்'. இராவணனாக ஆடியவர் நம் அமிர்தகழி சி. மௌனகுரு. சுருக்கியது சரியா பிழையா என்று இன்றும் நம்மிடையே வாதம் நடக்கிறது. எனக்கு முழு இரவுதான் பிடிக்கும். ஆனால் உங்கள் பிள்ளைக்குச் சுருக்கம் நல்ல வாசல். முதலில் ஒரு சின்னக் கூத்தைக் காட்டுங்கள், அடுத்த முறை களரிக்குக் கூட்டி வாருங்கள்.

களரிக்கு வந்தால் பிள்ளையை அண்ணாவியாரிடம் விடுங்கள். கரப்புடுப்பின் வளையம் எதனால் செய்தது, புயக்கட்டு என்ன பாரம், முடியில் ஒட்டிய கண்ணாடித்துண்டுகள் பெற்றோமாக்ஸ் வெளிச்சத்தில் எப்படி மின்னின, வடமோடி ராசாவின் உடுப்புக்கும் தென்மோடி ராசாவின் உடுப்புக்கும் என்ன வித்தியாசம் என்று பிள்ளை கேட்கும். டிஸ்னி ரசிகப் பிள்ளைகள் கேட்கிற கேள்விகள் இவைதான், எனக்கு நன்றாகத் தெரியும். நம் ஊர்ப் பிள்ளைகளிடமிருந்து இந்தக் கேள்விகள் இப்போது குறைந்துவிட்டன. அண்ணாவிமாரும் முதிர்ந்து வருகிறார்கள். பிரெஞ்சுத் தமிழில் கேட்டாலும் பரவாயில்லை. பதில் சொல்ல அவர்களுக்கு ஆசை இருக்கிறது.

சித்திரைக்கு வருவதென்று முடிவெடுத்தால் மாசிக்கு முன்னரே ஊரிலுள்ள உங்கள் சொந்தக்காரருக்குச் சொல்லுங்கள். எந்த ஊரில் சட்டம் கொடுத்திருக்கிறார்கள், அரங்கேற்றம் எந்த வாரம் என்று விசாரித்து வைப்பார்கள். அரங்கேற்ற நாள் பின்னேரம் பிள்ளைகளை நித்திரை கொள்ள வையுங்கள். சாமத்துக்குப் பிறகு வாவிக் காற்றில் குளிரும், போர்வையும் ஒரு பாயும் எடுத்து வாருங்கள். கதிரையில் இருக்க வேண்டாம், களரியை ஒட்டி நிலத்தில் இருங்கள். ஆடுகிறவரின் சதங்கை அங்கேதான் நன்றாகக் கேட்கும்.

அன்புடன்,
படுவான்கரையிலிருந்து உங்கள் ஊரவன் ஒருவன்